சிக்கெடுக்கும் டானிக்

"சீக்கிரம் கையெழுத்தைப் போடும்மா! பத்திரிகைக்காரங்க வெளியில காத்துக்கிட்டு இருக்காங்க" என்று அவசரப்படுத்தினார் டானிக் கம்பெனி முதலாளி.

டானிக் டிஎன்ஏவைக் காக்கும் என்ற சோதனை அறிக்கையின் முன்னால், ஆய்வாளர் பேனாவைத் திறந்துவிட்டுத் தயங்கினார். கையெழுத்துப் போட்டால் டானிக் ஊரெல்லாம் விற்பனைக்குப் போகும். போடாவிட்டால் அவருடைய வேலை போகும்.

"ரெண்டே பேரோட ரத்தத்தை வச்சு எப்படி சார் முடிவு சொல்றது?"

"ரெண்டு பேர் போதாதா? கல்யாணமே ரெண்டு பேரை வச்சுத்தான் நடக்குது!"

பக்கத்தில் நின்ற முதலாளியின் மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்தான் விற்பனை மேலாளர். முதலாளியின் ஜோக்குக்குச் சிரிப்பது அந்த வேலையில் பாதி.

முதலாளி டானிக் குடிப்பவர், மைத்துனர் குடிக்காதவர். சோதனை அவ்வளவுதான். மாதக்கணக்கில் தினமும் காலையில் முதலாளி மேஜையில் டம்ளரை வைத்ததும், காலி டம்ளரைத் திரும்ப எடுத்துப் போனதும் ஆய்வாளரேதான். அதில் குறை சொல்ல வழியில்லை.

"மைக்ராஸ்கோப்புல என்ன தெரிஞ்சுது? மாப்ளைக்கும் புரியுற மாதிரி சொல்லு."

"டிஎன்ஏ முறுக்கின கயிறு மாதிரி சார். செல் அதைப் படியெடுக்கணும்னா, ஹெலிகேஸ்ங்கற நொதி முறுக்கைப் பிரிச்சு விடணும். அது மக்கர் பண்ணினா சிக்கு விழுந்து, கயிறு அங்கங்க அறுந்துபோகும். உங்க செல்லுல எல்லாம் ஒழுங்கா இருக்கு. இவரோடதுல..." மைத்துனரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "நிறைய அறுந்திருக்கு."

மைத்துனரின் சிரிப்பு நின்றுபோனது.

"பார்த்தியா! குடிச்சவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். குடிக்காதவன் அறுந்து தொங்குறான்!" முதலாளி மேஜையைத் தட்டினார். "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

ஆய்வாளருக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. கையெழுத்துப் போடக் குனிந்தார்.

முதலாளி மைத்துனரின் தோளில் கை போட்டார். "பயப்படாத மாப்ள. இன்னையிலேர்ந்து நீயும் தினமும் ஒரு டம்ளர் குடி. எல்லாம் சரியாயிடும்."

மைத்துனருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் ஒரு டம்ளரா? கசக்குது, கொட்டிடுன்னு தினமும் நீங்க கொடுத்ததை எல்லாம், வீணாப் போகுதேன்னு நான்தானே மாமா குடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

ஆய்வாளர் பேனாவை மூடினார்.