ஊசி ஏறிய பிள்ளை

"புத்தி பேதலிச்சுப் போச்சு டாக்டர்! கல்லு மாதிரி இருந்த பிள்ளைக்கு ஊசியைப் போட்டுக் கிறுக்குப் பிடிக்க வெச்சுட்டாங்க இந்த நர்ஸம்மா!"

தையல்காரி போட்ட சத்தத்தில் சன்னலில் இருந்த புறா பறந்தது. மருத்துவமனை வாசலில் தெருவே கூடிவிட்டது. பாதிப் பேர் நியாயம் கேட்க, மீதிப் பேர் வேடிக்கை பார்க்க.

அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், பதினைந்து வயது. சட்டையை வைத்துத்தான் பெற்றவளே அடையாளம் கண்டு கூப்பிடுவாள். முந்தாநாள் பள்ளிக்கூடத்துத் தடுப்பூசி முகாமுக்கு இருவரையும் அனுப்பினாள். மறுநாளிலிருந்து பெரியவன் ஒரு மாதிரி.

"என்ன பண்றான்?" என்றார் டாக்டர்.

"தானாச் சிரிக்கிறான். சோறு இறங்க மாட்டேங்குது. கண்ணாடி முன்னாடியே நிக்கிறான். எதிர்வீட்டுக்குப் புதுசா ஆள் வந்து சாமான் இறக்குற சத்தத்துலயும் அசையாம சன்னலோரம் உக்காந்திருக்கான்."

"ஊசிக்கு முன்னாடி எப்படி இருந்தான்?"

"முன்னாடி யாரு பாத்தா? எனக்குத் தைக்கவே நேரம் பத்தல. இப்பத்தான் கடையைச் சாத்திட்டு, கண் கொட்டாம பாத்துக்கிட்டிருக்கேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மனசைப் பாதிக்கறது ரொம்ப அபூர்வம்மா. ஊசியாலதான்னு சட்டுனு சொல்லிட முடியாது."

"அந்த அபூர்வம்தான் என் பிள்ளை!" முதல் பரிசு வாங்கியவள் போல நிமிர்ந்து நின்றாள்.

"சின்னவனுக்கும் அதே ஊசிதானே?"

"அவன் தாங்கிட்டான். பெரியவனுக்குப் பூஞ்சை உடம்பு."

பூஞ்சை உடம்புக்காரன் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாங்கியவனோ கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நின்றான். "நீயே சொல்லுடா!" என்று அம்மா தோளைத் தட்டியதற்கு "ஸ்ஸ்..." என்று மட்டும் சொன்னான்.

"இந்த நர்ஸம்மாவை இன்னிக்கே மாத்துங்க. இல்லேன்னா எங்க தெருவுல ஒரு பிள்ளையும் ஊசிக்கு வராது!"

"ஆமாமா!" என்றது வாசல். என்ன ஏதென்று தெரியாதவர்களின் குரல்தான் அதில் ஓங்கி இருந்தது.

டாக்டர் வாசலைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு நீங்க வேற ஊர்ல இருங்கம்மா. இங்க சூடு தணியட்டும்." நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னவனுக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க மேல தப்பில்லம்மா! ஊசியைப் பாத்ததுமே இவன் சட்டையைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, சுவரேறிக் குதிச்சு ஓடிட்டான். அதைப் போட்டுக்கிட்டு ரெண்டாவது தடவையும் நானே போய் நின்னேன். ரெண்டு கையும் வலிக்குது."

வாசலில் ஒருவர் இருமினார். வேடிக்கை பார்த்தவர்களுக்கு வீட்டில் வேலை இருப்பது நினைவுக்கு வந்தது.

நர்ஸ் இங்கேயேதான் இருக்கிறார். ஊரை விட்டுப் போனது எதிர்வீட்டுக் குடும்பம்தான். வந்த வேகத்திலேயே, மகளின் படிப்புக்காக வீட்டைக் காலி செய்துவிட்டது. அந்த வாரமே பெரியவன் கண்ணாடியை மறந்தான், சோற்றை நினைத்தான்.

தையல்காரி மட்டும் இன்னும் விடவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களை நாடாவோடு பிடித்து நிறுத்திக் கேட்கிறாள்:

"ரெட்டைப் பிள்ளைங்களாச்சே, இவனுக்குப் போட்டா அவனுக்கு ஏறாதா?"