எங்க வீட்டு ஏரி

அடி அண்ணாமலையில் வள்ளி வீட்டின் பின்பகுதியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் எட்டு வருடமாகக் குடியிருந்தார்கள். ஆர்தருக்குத் தொண்ணூறு வயது, நடக்க முடியாது. அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி துவைத்துப் போடுபவர் எட்மண்ட்.

சாயங்காலமானால் ஆர்தர் இங்கிலாந்தில் தாங்கள் வாழ்ந்த மாளிகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "எங்க வீட்டு ஏரி, எங்க வீட்டு மான்கள், முந்நூறு வருஷப் பிரபு வம்சம்" என்று எட்மண்ட் அதை வள்ளிக்குத் தமிழில் சொல்வார். ஆர்தருக்குக் கண் கலங்கிவிடும்.

அன்று ஆர்தர் கண்ணயர்ந்ததும் வள்ளி கேட்டாள்.

"பாவங்க, எவ்ளோ ராஜபோகமா வாழ்ந்தவரு! நீங்க எத்தினி வருஷமா அவருகிட்ட வேலை செய்றீங்க?"

எட்மண்ட் சிரித்தார்.

"பிரபு வம்சம் என்னோடதும்மா. அவரு எங்க வீட்டு சமையல்காரர்."

வள்ளி ஆர்தரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா இல்லாத என்னை அவருதான் தூக்கி வளர்த்தாரு. கடன்ல வீடு கைமாறினப்ப எனக்கு ஒண்ணும் தோணலை. அவருதான் அழுதாரு."

தூங்குகிறவரின் போர்வையைச் சரிசெய்தபடி எட்மண்ட் மெல்லச் சொன்னார்.

"இவரு சொல்லிச் சொல்லித்தான்மா, அது எனக்கு வீடாச்சு."