இரண்டு ஊசி

முதல் ஊசி வலது தொடையில் இறங்கியதும் குழந்தை வீறிட்டது.

இரண்டாவது, இடது தொடையில்.

அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி இமைக்காமல் பார்த்தாள். மகன் பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தினார். “உன் ரத்தத்துல இருக்கிற மஞ்சக்காமாலைக் கிருமி இவன்கிட்ட போகாம இது தடுக்கும். பொறந்த அன்னிக்கே போட்டுட்டா பெரும்பாலும் பயமில்லம்மா. மிச்ச ஊசிய மட்டும் விட்டுராத.”

பொறந்த அன்னிக்கே.

காலி மருந்துக் குப்பிகள் தட்டில் கிடந்தன. சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறிவிடலாம்.

மூத்தவள் அமலி பிறந்தது எஸ்டேட் ஜீப்பில். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆடி மழையில். பாதையை மறித்து மரம் விழுந்து கிடந்தது. டிரைவர் இறங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தொப்புள்கொடியை அறுத்தது கூட வந்த மேஸ்திரியின் மனைவி. மழை விட்டு, பாதை சீராகி, பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு இறங்கியது ஒன்பதாம் நாள்.

தன் உடம்பில் அந்தக் கிருமி இருப்பது அப்போது அவளுக்கே தெரியாது. இவன் வயிற்றில் வந்த பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

உடனே அமலிக்கும் பார்த்தார்கள்.

இருந்தது.

“இப்ப நல்லாத்தான் இருப்பா. உள்ளுக்குள்ள ஈரல மெதுவா அரிச்சிரலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா கூட்டிட்டு வந்துருங்க,” என்றார் டாக்டர்.

எத்தனை வருஷத்துக்கு என்று அவள் கேட்டாள்.

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

வார்டுக் கதவு திறந்தது. அமலி ஓடி வந்தாள், பின்னாலேயே அவள் அப்பா. தம்பியின் தொடைகளில் ஒட்டியிருந்த பஞ்சை அமலி தொடாமல் பார்த்தாள்.

“தம்பிக்கு என்னம்மா?”

“நோவு வராம இருக்க ஊசி போட்டாங்க கண்ணு.”

அமலி கொஞ்சம் யோசித்தாள்.

“எனக்குப் போட்டப்ப நான் அழுதேனா?”

அப்பா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

“இல்ல,” என்றாள் அவள். “நீ அழவே இல்ல.”

அமலியின் முகம் மலர்ந்தது. தம்பியின் காதருகே குனிந்தாள்.

“அழாதடா. அக்கா அழவே இல்ல, தெரியுமா?”

பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய் அங்கிருந்தவர்களிடமும் சொன்னாள். அதற்கடுத்த கட்டிலிலும்.

அம்மா அவளைக் கூப்பிடவில்லை.

வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வரட்டும்.