ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

சூறைக்காற்றில் அணிலின் கூடு பாதி பிய்ந்து, மூன்று குட்டிகளோடு கிளை நுனியில் தொங்கியது. செய்தி கேட்டதும் அதன் தோழிகளான மைனாவும் புறாவும் பதறிப்போய்ப் பறந்து வந்தன. பக்கத்துக் கிளையில் வசதியாக உட்கார்ந்துகொண்டன.

அணில் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கீழே இருந்த மரப்பொந்துக்கு ஓடியது.

“கவலைப்படாதீங்க அணிலக்கா, நாங்க இருக்கோம்ல!” என்றது மைனா.

அணில் திரும்பி வந்து இரண்டாவது குட்டியைத் தூக்கியது.

“போன மழையில என் கூடு விழுந்துச்சே, அதைப் பார்த்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்லக்கா” என்று புறா தன் கதையை ஆரம்பித்தது. கேட்கக் கேட்க மைனாவுக்குக் கண் கலங்கியது. இரண்டும் ஒன்றையொன்று தேற்றிக்கொண்டன.

கூடு மேலும் சரிந்தது. அணில் பாய்ந்து வந்து கடைசிக் குட்டியைக் கவ்விய மறுகணம், கூடு தரையில் விழுந்து சிதறியது.

“எதையும் உள்ளே வச்சுக்காதீங்க, மனசு விட்டுப் பேசுங்க” என்றது மைனா.

அணில் குட்டியோடு பொந்துக்குள் போய்விட்டது.

புறா வெடுக்கென்று சிறகை உதறியது. “இருக்கிற வேலையெல்லாம் விட்டுட்டு வந்து இவ்வளவு நேரம் கூடவே இருந்தோம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினாளா பாரு! என்ன திமிர்!”