எலி கடித்த கயிறு

பொன்னுதுரை புல்வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. இழுத்து ஸ்டார்ட் செய்கிற கயிறு மறுபடியும் துண்டாகிவிட்டது.

“எலி கடிச்சிட்டுன்னு வீட்ல சொல்லுதா,” என்றார்.

மெக்கானிக் இசக்கி மூடியைக் கழற்றி, உள்ளே கப்பியில் சுற்றியிருந்த மிச்சக் கயிற்றை உருவினான். எலி கடித்தால் பிசிறு இருக்கும். இதன் முனை அரிவாள்மணையில் வைத்து நறுக்கியதுபோல் நேராக இருந்தது. மோந்து பார்த்தான். வெங்காய வாடை. நிமிர்ந்தபோது, பொன்னுதுரையின் சட்டைக்குள் நெஞ்சின் நடுவே இறங்கிய தையல் தழும்பு தெரிந்தது. அது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

“ஸ்பிரிங்கும் போயிட்டு அண்ணாச்சி. புதுசு வர ஆறு மாசம் ஆவும்.”

சொல்லிக்கொண்டே கப்பியை விரலால் முழுக்கச் சுற்றியிருந்தான். விரல் நழுவியதும் ஸ்பிரிங் அதை விர்ரென்று திருப்பிச் சுழற்றியது. நிற்கிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுதுரை கயிற்றுத் துண்டை வாங்கி, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேல் பட்டனை மாட்டினார்.

“ஆறு மாசம். சரி,” என்றார். “எலிகிட்ட சொல்லிடுதேன்.”