பத்துக்கு ஒன்பது

பத்தாவது உறையையும் பேராசிரியை கிழித்தாள். உள்ளே இருந்தது ஒரு கலங்கரை விளக்கத்தின் படம்.

பார்வைக்காரர் வரைந்து வைத்திருந்ததோ மாட்டுத் தொழுவம்.

"பத்தும் தப்பு" என்றாள்.

"தப்புதாம்மா" என்றார் அவர், வெளியே மழையா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"இதுக்குத்தான் பன்னிரண்டு வருஷமா ராணுவம் உங்களுக்குத் தனி அறை, நாற்காலி, ஃபேன் எல்லாம் கொடுத்து வெச்சிருக்கா?"

"ஃபேன் ஓடாதும்மா."

ராணுவ உளவுப் பிரிவில் அவருக்கு வேலையே கண்ணை மூடிக்கொள்வதுதான். ஒட்டிய உறை ஒன்றை முன்னால் வைப்பார்கள். உள்ளே எதிரி நாட்டில் ஏதோ ஓர் இடத்தின் படமோ பெயரோ இருக்கும். உறையைத் திறக்காமல், இருந்த இடத்தை விட்டு அசையாமல், அந்த இடத்தை மனசாலேயே 'பார்த்து' வரைய வேண்டும். தொலைப்பார்வை என்று பெயர். பெயருக்கு என்ன குறைச்சல்! கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தூங்குமூஞ்சி'.

பேராசிரியைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'கத்தரிக்கோல்'. போலிச் சாமியார், ஏமாற்று வைத்தியர் என்று ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. முப்பது வருஷ ஆராய்ச்சியில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள். அதனால்தான், இந்தத் தொலைப்பார்வை நிஜமா என்று பார்க்க அரசாங்கம் போட்ட விசாரணைக் குழு அவளைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தது. அவள் தரும் அறிக்கை அப்படியே பத்திரிகைகளில் வரும். ஊர் உலகமெல்லாம் படிக்கும், எதிரி நாடு உட்பட.

கோப்பில் கடைசியாக இருந்த படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

போன வருஷம் அவர் வரைந்த சிறைமுகாம். "நாங்கள் யாரையும் பிடித்து வைக்கவில்லை" என்று எதிரிகள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பேச்சுவார்த்தையில் இந்தப் படத்தை எடுத்துப் போட்டதும் அவர்களுக்கு வாயடைத்துப் போயிற்று. நாற்பத்தொரு பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

"பத்துல ஒண்ணுகூடத் தேறாதவர், இதுல மட்டும் வாசல், காவல் கோபுரம், அடுக்கி வெச்ச நாற்பத்தொரு தட்டு வரைக்கும் எப்படிச் சரியா வரைஞ்சீங்க?"

"அன்னைக்குத் தெரிஞ்சுதும்மா."

"காதுல பூ சுத்தாதீங்க. யாரோ சொல்லியிருக்காங்க. யாரு?"

அதுவரை கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தவரின் முகம் முதல்முறையாக மாறியது.

"என்னை மோசடிக்காரன்னு எழுதிக்குங்க. வேலையை விட்டுத் தூக்கட்டும். யாரோ சொன்னாங்கன்னு மட்டும் எழுதாதீங்கம்மா."

"மோசடின்னு எழுதினா, யாரோ சொன்னாங்கன்னுதானே அர்த்தம்? குருட்டாம்போக்குல நாற்பத்தொரு தட்டை எண்ண முடியுமா?"

அவர் அந்தப் படத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"அதான் என்ன செய்யறதுன்னு எனக்கும் புரியல. இந்த அறையை எனக்குக் கொடுத்த பழைய தலைவர் இருந்தா ஒரு வழி சொல்லியிருப்பார். அவரும் போய்ச் சேர்ந்துட்டார்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பேராசிரியை, கணவரிடம் மாட்டுத் தொழுவக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்தச் சிறைமுகாம் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு ஆறிப்போனது.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது.

'தொலைப்பார்வை உண்மையே! சோதனையில் பத்துக்கு ஒன்பது சரி. பேராசிரியை சான்று.'

அவ்வளவுதான். கல்லூரிச் சுவரில் மழுங்கிய கத்தரிக்கோல் படம் ஒட்டினார்கள். "உனக்குமா புத்தி பேதலிச்சுப்போச்சு?" என்று முப்பது வருஷத் தோழி ஃபோனில் அழுதாள். அறிவியல் கழகத்திலிருந்து 'தாங்களே விலகிக்கொண்டால் மரியாதையாக இருக்கும்' என்று கடிதம் வந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டு இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். வலிக்காதா பின்னே? பாடுபட்டுச் சேர்த்த பேர் அது.

ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கணவர் கேட்டார்:

"பத்தும் தப்புன்னு நீதானே வந்து சொன்னே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு இந்தப் பொய்? என்கிட்டயாவது சொல்லேன்."

"சொல்லக்கூடாதுங்க. தெரிஞ்சவங்க போதும்."

கழுவிய தட்டுகளை அவர் ஜன்னல் ஓரமாக அடுக்கினார். அங்கே நின்று பார்த்தால் முன்னால் தட்டுகள் பெரிசாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், எங்கோ தள்ளி, தெருவாசல் சின்னதாக.

"என்னத்தை அப்படிப் பார்க்கறே?"

"ஜன்னலைத்தான்."

அந்தப் படத்திலும் அப்படித்தான் இருந்தது. முன்னால் தட்டுகள் பெரிசு பெரிசாக; பின்னால் வாசலும் கோபுரமும் சின்னதாக. தட்டு கழுவுகிற இடத்தில் நின்றவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற காட்சி. 'யாரோ சொன்னார்கள்' என்று ஒரு வரி அச்சாகியிருந்தால், எதிரிகள் நேராகப் போய் நின்றிருக்கும் இடம் முகாமின் அடுப்படி. நாற்பத்தொரு உயிரைக் காப்பாற்றிய அந்த யாரோ, இன்றைக்கும் அங்கேதான் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறார்.