முதல் கையெழுத்து

"காப்பகத்தை மூடச் சொல்லலைம்மா. ஒரு வாரமா விடாம குரைக்குதாமே ஒரு நாய், அதை மட்டும் உடனே வெளியேத்துங்க. பக்கத்துல இருக்கறவங்க நிம்மதியே போச்சுங்கறாங்க."

ஸ்ரீரங்கம் கொள்ளிடக் கரையில் இருக்கும் நாய்கள் காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து நான்கு தெரு தள்ளி வசிக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் வெள்ளைச்சாமி மனுவை நீட்டினார். நாற்பது கையெழுத்து. முதலாவது அவருடையது.

காப்பகம் நடத்தும் கலைமதி நிதானமாகப் படித்தாள்.

"எங்க தெருநாய்ங்க முப்பதும் சமத்து சார். குரைக்கிறது வீட்டு நாய். ஊருக்குப் போறவங்க கட்டணம் கட்டி இங்க விட்டுட்டுப் போவாங்க. அதுலதான் மத்த நாய்ங்களுக்குச் சோறு, வைத்தியம் எல்லாம்."

"வீட்டு நாயா? எங்க வீட்லயும்தான் டைகர் இருக்கு, வாயே திறக்காது. மருமக லால்குடிக்கு அம்மா வீட்டுக்குப் போறப்பகூட அதைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டா. இப்படித் தள்ளிவிட்டுட்டுப் போறவங்க எதுக்கு நாய் வளர்க்கணும்? யாருன்னு சொல்லுங்க, நானே நாலு வார்த்தை கேட்கிறேன்."

கலைமதி சிரித்தாள்.

"பேர் சொல்ற வழக்கம் இல்லை சார். நாயை வேணா பாருங்க, வாங்க."

பின்பக்கம் குரைத்துக்கொண்டிருந்த நாய், வெள்ளைச்சாமியைக் கண்டதும் சட்டென்று நிறுத்தியது. கம்பி வலையில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, உடம்பே ஆடும்படி வாலை ஆட்டியது.

"டைகர்!"

கலைமதி கதவைத் திறந்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"மனுவுல கேட்டபடி உடனே வெளியேத்தியாச்சு சார். அந்த நாலு வார்த்தையை மட்டும் நீங்க வீட்ல கேட்டுக்குங்க."